ரூபலதா மூன்றாம் முறை சொன்னது

தென்காசியில் சாரல் பிடித்திருந்த ஓர் ஆனி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, எங்கள் கிளிக்கூண்டுத் தெருவில் நயினாரின் கம்ப்யூட்டர் சென்டர் மாடிப்படியிலிருந்து மஞ்சள் சேலையும் ஈரத் தலையுமாக ஒரு பெண் இறங்கி வந்தாள். அவள் கம்ப்யூட்டருக்குள் இருந்து வந்தவள் என்பது மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அன்று எங்களுக்குத் தண்ணீர் வரும் நாள், எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும் குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு அதிசயம் பார்க்கப் போகிற அளவுக்கு எங்கள் தெருவில் யாருக்கும் வசதி இல்லை. குழாயடியில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்தார்கள், அவள் கையில் குடம் இல்லை என்பதைப் பார்த்தார்கள், வரிசையில் தங்களுக்குப் போட்டி இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும், "ஈரத்தோட நிக்காதம்மா, சளி பிடிக்கும்" என்றாள்.

நான் மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவன், சங்குமுத்து என்று பெயர். எந்த வீட்டில் என்ன நடந்தாலும் எண்ணாக மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது என் தொழில். இந்தக் கதையில் நான் செய்த தப்பும் அதுதான்.

நயினாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப் பெயர் ஆறுமுகநயினார், முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, பகலில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பான், கரண்ட் இருந்து பிள்ளைகள் இல்லாத நேரத்தில் தானே ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தான். 'மாடி அறை' என்று அதற்குப் பெயர், பெரியவர்களுக்கு மட்டும் என்று முகப்பிலேயே எச்சரிக்கை. அந்த விளையாட்டில் படம் கிடையாது, பாட்டு கிடையாது, வெறும் எழுத்து. 'கதவைத் திற' என்று நீங்கள் தட்டினால் 'கதவு திறந்தது' என்று அது பதில் எழுதும். 'படி ஏறு' என்றால் ஏறியதாகச் சொல்லும். ஏறினால் மேலே ரூபலதா என்றொரு பெண் இருப்பாள், அவளிடம் நைச்சியமாகப் பேசி அவள் சம்மதத்தைப் பெற்றுவிட்டால் ஜெயித்ததாக அர்த்தம். ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து மதிப்பெண். இவ்வளவுதான் அந்த விளையாட்டு, இதை எழுத அவனுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அப்படி இரண்டு வருஷம் எழுதியும் அவன் அவளை அரைகுறையாகத்தான் எழுதியிருந்தான் என்பது அவள் தெருவுக்கு வந்த முதல் வாரத்திலேயே எங்களுக்கு விளங்கியது. ஈரக் கூந்தல் என்று எழுதியவன் அது எப்போது காயும் என்று எழுதவில்லை, ஆகவே விடிந்தாலும் அடைந்தாலும் அவள் தலையில் நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கண்ணையும் உதட்டையும் இடுப்பையும் பக்கம் பக்கமாக எழுதியவன் பசியை எழுதவில்லை, தூக்கத்தை எழுதவில்லை, அப்பா அம்மாவை எழுதவில்லை, ஆகவே அவள் தின்னவும் இல்லை, படுக்கவும் இல்லை, யாரையும் தேடவும் இல்லை. விளையாட்டில் மொத்தம் மூன்று இடங்கள்தான், மாடி அறை, படிக்கட்டு, தெரு. ஆகவே மேற்கே பிள்ளையார் கோவில் வரைக்கும் கிழக்கே தபால்பெட்டி வரைக்கும் நடந்தாள், தபால்பெட்டியைத் தொட்டதும் "இதற்கு மேல் வழியில்லை" என்று சொல்லித் திரும்பினாள். பேசுவதற்கு அவளுக்குப் பதினோரு வாக்கியங்கள் எழுதப்பட்டிருந்தன, அத்தனையும் பழைய மாத நாவல் தமிழ். அவளுக்கு விளங்காத எதைக் கேட்டாலும், "நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை, வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள்" என்று தலை குனிந்து சொன்னாள்.

இதையெல்லாம் குறை என்று நாங்கள் நினைத்தோமா? அதுதான் இல்லை. எவ்வளவு நல்ல வளர்ப்பு என்றோம்.

என்ன சொன்னாலும் செய்தாள் ஐயா. நேராக, நறுக்கென்று, கட்டளையாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 'கொஞ்சம் அந்த மாவை ஆட்டிக் கொடுத்தாத் தேவலை' என்றால் புரியாது. 'மாவு ஆட்டு' என்றால் ஆட்டினாள். 'துணி துவை.' 'வரிசையில் நில்.' 'காலை அமுக்கு.' ஒரு வாரத்தில் தெருவே அப்படிப் பேசக் கற்றுக்கொண்டது, கற்றுக்கொள்ள ஆண்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை, வீட்டில் பழக்கம்தானே. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவள் வாயாலேயே, "உங்கள் மதிப்பெண் ஐந்து கூடியது" என்பாள். அதைக் கேட்பதற்காகவே அவளை வழிமறித்து, 'சிரி' என்றும், 'என்னைப் புகழ்' என்றும் சொல்லிவிட்டுப் போகிற பெரிய மனிதர்கள் உண்டானார்கள். சலூனில் யார் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று பேச்சு வந்தது. நானும் கேட்டேன், ஒளிப்பானேன்? மின்வாரியத்தில் எனக்குக் கிடைக்காமல் போன பதவி உயர்வின் கதையை உட்கார்ந்து கேள் என்றேன். மூன்று நாள் கேட்டாள், பதினைந்து மதிப்பெண். என் சம்சாரம்கூட அரை மணி நேரத்துக்கு மேல் அதைக் கேட்டதில்லை.

இந்த இடத்தில் எங்கள் தெருவின் காபி வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போனால் காபி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள், வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வாய் குடிங்க என்பார்கள், ஐயோ வேண்டவே வேண்டாம் என்று கையை ஆட்ட வேண்டும். மூன்றாவது தடவை, குடிக்காவிட்டால் கோபித்துக்கொள்வேன் என்பார்கள், அப்போதுதான் சரி, அரை தம்ளர் என்று சொல்ல வேண்டும், முழுத் தம்ளர் வரும். முதல் தடவையே குடிக்கிறேன் என்றவனைக் காணாததைக் கண்டவன் என்போம். இரண்டாவது தடவையோடு கேட்பதை நிறுத்திய வீட்டைத் தெருவே பத்து வருஷம் பேசும். ரூபலதாவும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தாள். பெரிய காரியம் எதையாவது கேட்டால் முதல் தடவை, "ஐயோ, எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்பாள். இரண்டாவது தடவையும் அதையே சொல்லுவாள். மூன்றாவது தடவை, "சரி, உங்கள் இஷ்டம்" என்பாள். எப்போதும் மூன்றாவது தடவை, தப்பவே தப்பாது. எங்கள் தெருப் பெண்ணேதான் என்று நாங்கள் பூரித்துப் போனோம்.

ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் அரிசி ஆலை சிதம்பரலிங்கம் அவளிடம் போய், என்னைக் கட்டிக்கொள் என்றார். ஐம்பத்திரண்டு வயது, முதல் மனைவி தவறி மூன்று வருஷம், தெருவிலேயே அதிக மதிப்பெண் எடுத்தவர் அவர்தான். மூன்று தடவை கேட்டார், முடிந்தது. கம்ப்யூட்டரிலிருந்து வந்தவளாயிற்றே என்று யாராவது தயங்கினார்களா என்றால், மாமனார் மாமியார் தொல்லை இல்லாத இடம், தின்கிற செலவுகூட இல்லாத பெண் என்று பொறாமைதான் பட்டார்கள். ஜாதகம் இல்லையே என்று ஒரு சிக்கல் வந்தது, கடைசிப் படியில் அவள் கால் வைத்த பத்தே முக்காலைப் பிறந்த நேரமாக வைத்து ஜோசியர் கணித்துக் கொடுத்தார், பத்தில் எட்டுப் பொருத்தம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் பிள்ளையார் கோவில் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு என்று யாரும் இல்லாததால் சபையில் அவளிடம் சம்மதம் கேட்கிற பொறுப்பு எனக்கு வந்தது, தெருவில் மூத்தவன், சத்தமாகப் பேசுகிறவன்.

புதன்கிழமை ஒரு காரியம் நடந்தது. சாரலில் ரூபலதா கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் வந்து நின்று, "ஐயோ, எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு மறுபடியும் சொன்னாள். பதினெட்டு தடவை சொன்னாள் என்று நான் எண்ணினேன், எண்ணிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவளிடம் இருந்த பதினோரு வாக்கியத்தில் 'வேண்டாம்' என்பதற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் இருந்தது அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒருத்திக்குத் தோன்றியது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற சண்முகவடிவு, முப்பத்து மூன்று வயது, யார் தட்டுவதில் எந்த விரல் தப்பு என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவாள். நயினார் தமிழ் டைப்பிங் கற்றது அவளிடம்தான். கற்று முடித்த கையோடு அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டான், வேண்டாம் என்றாள். ஆறு மாதம் கழித்துக் கேட்டான், வேண்டாம் ஸார் என்றாள். மூன்றாவது தடவை கேட்பதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தான். காபி வழக்கம் தெரிந்த ஊரில் அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

வியாழக்கிழமை காலை வடிவு மாடியேறிப் போய், "ஸார், அந்த விளையாட்டப் போட்டுக் குடுங்க, நான் ஆடிப் பாக்கணும்" என்றாள். நான் அங்கே கரண்ட் பில்லில் ஒரு கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கப் போயிருந்தேன், நகர மனசு வரவில்லை. நயினாருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"டீச்சர், அது வந்து... ஆம்பளைங்க ஆடுறது."

"அது தெரியுது. போடுங்க."

போட்டான். பத்து விரலாலும் அவள் தட்டிய வேகத்துக்கு அந்தப் பெட்டியால் பதில் சொல்ல முடியவில்லை. 'ஜன்னலைத் திற' என்று தட்டினாள். 'அதெல்லாம் இப்போது முக்கியமில்லை' என்று வந்தது. 'அவளுக்குத் துண்டு கொடு' என்றாள். 'துண்டு என்று எதுவும் இங்கே இல்லை.' 'உனக்கு என்ன வேண்டும் என்று கேள்.' 'புரியவில்லை, வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள்.' 'அவளை வீட்டுக்கு அனுப்பு.' 'வீடு என்று எதுவும் இங்கே இல்லை.' கொஞ்சம் யோசித்து, 'மன்னிப்புக் கேள்' என்று தட்டினாள். 'அந்தச் செயல் இந்த விளையாட்டில் இல்லை' என்று வந்தது. அப்புறம் அங்கே ஒரு குத்துவிளக்கை ஏற்றப் பார்த்தாள், திரியைத் தேடி, எண்ணெயைத் தேடி, நனைந்துபோயிருந்த தீப்பெட்டியைக் காயவைத்து, ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

"வெளக்கு ஏத்த நாப்பத்தேழு கட்டள," என்றாள், நாற்காலியைத் திருப்பிக்கொண்டு. "அந்தப் பிள்ளை சம்மதத்துக்கு மூணு. அதுவும் ஒரே கட்டள மூணு தடவ."

"அது நம்ம ஊர் வழக்கம்தான டீச்சர். ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லுவாங்க, மூணாவது..."

"காபிக்கு ஸார்."

நயினார் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் உங்ககிட்ட ரெண்டு தடவ சொல்லியிருக்கேன். அத என்னன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? அரை தம்ளர்னா?"

அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, அதைவிட என்னை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. கரண்ட் பில்லை உற்றுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க" என்றான். சின்னக் குரல்.

வடிவு சொல்லச் சொல்ல அவன் எழுதினான். மதிப்பெண்ணை அழித்தான். மூன்றாவது தடவை என்ற கணக்கை எடுத்தான். 'வேண்டாம்' என்ற சொல்லைப் போட்டான், அதை எத்தனை தடவை கேட்டாலும் யார் கேட்டாலும் அவள் சொல்லலாம் என்று போட்டான். அதோடு முடிந்தது என்று அவன் கையை எடுத்தபோது, "வழி?" என்று கேட்டாள் வடிவு. தபால்பெட்டியைத் தாண்டி ஒரு வழி வைக்க வேண்டும் என்றாள்.

"வைக்கலாம் டீச்சர். வழி வச்சா அது எங்க போய்ச் சேருதுன்னு எழுதணுமே. தபால்பெட்டிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எழுத?"

"அது உங்களுக்கு எதுக்கு ஸார்?"

கையைத் தூக்கியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இரண்டு வருஷமாக ஒரு பெண்ணின் இமை மயிர் வரைக்கும் தானே எழுதினவனுக்கு ஒரு வரியை எழுதாமல் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். கடைசியில் 'கிழக்கே வழி இருக்கிறது' என்று எழுதி, அதன் கீழே இடம் விட்டான்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் தெருவே இருந்தது. சிதம்பரலிங்கம் பட்டு வேட்டியில் வந்து உட்கார்ந்தார், தட்டு வரிசை பதினேழு, பந்திக்கு இட்லி வெந்துகொண்டிருந்தது, நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துத் தயாராக வைத்திருந்தார். ரூபலதா சேலை முந்தானையில் நீர் சொட்ட நின்றாள். நயினார் மாற்றி எழுதினதெல்லாம் அவளிடம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தூணுக்குப் பக்கத்தில் அவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான், இந்தப் பக்கம் வடிவு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"இவரைக் கல்யாணம் செய்துகொள். சம்மதமா?"

"வேண்டாம்," என்றாள் ரூபலதா.

சபை சந்தோஷமாகத் தலையாட்டியது. புதுச் சொல்லாக இருக்கிறதே, டீச்சர் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்றார்கள். இரண்டாவது தடவை கேட்டேன்.

"வேண்டாம்."

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோனார். பெண்கள் குலவை போட வாயைக் குவித்தார்கள். மூன்றாவது தடவை கேட்டேன்.

"வேண்டாம்."

மதிப்பெண் சொல்லுவாள் என்று பழக்க தோஷத்தில் எல்லோரும் காத்திருந்தோம், ஒன்றும் வரவில்லை. குவித்த வாய் குவித்தபடியே இருந்தது. சிதம்பரலிங்கம் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "எண்ணிக்கை தப்பிப் போச்சு, இன்னொரு தடவ கேளும்வே" என்றார். கேட்டேன். "வேண்டாம்." இன்னொரு தடவை. "வேண்டாம்." நான் கேட்பதும் நாதஸ்வரம் மேலே போவதும் அவள் சொல்வதும் நாதஸ்வரம் கீழே வருவதுமாக ஒன்பது தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மாத நாவல் குழைவை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது தடவை அது தண்ணீர் வரிசையில் தன் குடத்தை யாரோ நகர்த்திவிட்டால் ஒரு பெண் போடுகிற குரலாக இருந்தது. பத்தாவது தடவை கேட்கச் சொல்லி அவர் என் முழங்கையை இடித்தார். முப்பத்து மூன்று வருஷம் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனவன், வாயைத் திறந்தேன், "மொதலாளி, அந்தப் பிள்ளை பதில் சொல்லியாச்சு" என்று வந்தது.

அப்போதுதான் சொட்டுகிற சத்தம் நின்றிருப்பது கேட்டது. மண்டபத்தின் கல் தரையில் அவளைச் சுற்றி இருந்த ஈரம் ஓரத்திலிருந்து உலர்ந்துகொண்டு வந்தது, தலைமுடி ஒவ்வொன்றாகப் பிரிந்து காற்றில் பறந்தது, காய்ந்த பிறகு பார்த்தால் அது சுருட்டை முடி. நயினார் அப்படி எழுதவே இல்லை என்று பிறகு எத்தனையோ தடவை என்னிடம் சொன்னான்.

ரூபலதா சுருட்டை முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் பன்னிரண்டாவது வாக்கியத்தை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள். "எனக்குப் பசிக்கி."

நிச்சயதார்த்தத்துக்கு அவித்த இட்லியை வேறு என்ன செய்வது? இலையைப் போட்டோம். ஏழு இட்லி சாப்பிட்டாள், சட்னியை மூன்று தடவை கேட்டு வாங்கினாள், எட்டாவதை வைக்கட்டுமா என்று பரிமாறுகிறவர் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். அவர் எங்கள் தெருக்காரர், வைத்துவிட்டார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இட்லியோடு சேர்த்து இலையை மூடினாள். கை கழுவிவிட்டு, வடிவின் தோளை ஒரு நிமிஷம் பிடித்திருந்துவிட்டு, தெருவின் நடுவே கிழக்கே பார்த்து நடந்தாள். மாவு ஆட்டச் சொன்னவர்கள், புகழச் சொன்னவர்கள், கதை கேட்கச் சொன்ன நான், எல்லோரும் பின்னாலேயே போனோம். தபால்பெட்டியைத் தொட்டாள். எதுவும் சொல்லவில்லை. தாண்டிப் போய்விட்டாள்.

எங்கே போனாள் என்று பலவிதமாகச் சொல்லுகிறார்கள், செங்கோட்டை பஸ்ஸில் பார்த்தேன் என்பார்கள், குற்றாலத்தில் கடை வைத்திருக்கிறாள் என்பார்கள். நான் விசாரிக்கவில்லை. சிதம்பரலிங்கம் ஒரு மாதம் ஆலைக்கே போகாமல் இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் எந்த மதிப்பெண்ணும் இல்லாமல் வீட்டில் தானே மாவு ஆட்டக் கற்றுக்கொண்டார் என்று கேள்வி. தெருவில் குழப்பம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. வேண்டாம் என்றவர்களுக்குக் காபி கொடுப்பதா கூடாதா என்று தெரியாமல் வீடுகள் திணறின. அந்த ஆவணியில் எத்தனை பேர் தொண்டை வறண்டு வீடு திரும்பினார்கள் என்று கணக்கே இல்லை.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் நானும் நயினாரும் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்திருந்தோம். வடிவு தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தி, "மூணாவது தடவ கேக்கணும்னு ஏதாவது பாக்கி இருக்கா ஸார்?" என்று நேராகவே கேட்டாள்.

"இல்ல டீச்சர். ரெண்டு தடவ சொல்லிட்டீங்க. மொத தடவயே என் காதுல விழுந்திருக்கணும்."

அவள் முகம் எவ்வளவு லேசாகிவிட்டது என்பதை அவனும் பார்த்தான். வலித்திருக்கும், ஆனால் பார்த்தான். ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டே, "காபி குடிக்கீங்களா?" என்று எங்கள் இருவரையும் கேட்டாள். அறுபத்தோரு வயதில் முதல் தடவையாக நான், "குடிக்கேன் டீச்சர், சீனி கம்மியா" என்றேன். நயினார் வாயில் ஜன்மப் பழக்கம் முந்திக்கொண்டது. "வேண்டாம், இப்பதான் குடிச்சேன்," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

வடிவு சரி என்று தலையாட்டி, அவன் பங்கையும் என் தம்ளரிலேயே ஊற்றினாள்.